என் முகம் போன விதம்

பிப்ரவரி 3
போன மழைக்காலத்தில் கண் போயிற்று. ஜனவரியில் மூக்கும் வாயும். இன்று பார்த்தால் முகமே இல்லை, கழுத்துக்கு மேல் ஒரு பழுப்பு முட்டை. பத்தொன்பது வருஷமாக என் வீட்டுக்காரர் வரைகிற படங்களுக்கு உட்காருகிறவள் நான். “இதுல நான் எங்க?” என்று கேட்டேன். முட்டையைக் காட்டி, “அதான் இருக்கியே” என்கிறார்.

பிப்ரவரி 5
வகுப்பு எடுத்தார். வெளிநாட்டில் ஓர் ஓவியர் மரத்தை வருஷக்கணக்கில் வரைந்து வரைந்து, இலை போய், கிளை போய், கடைசியில் வெறும் கோடும் கட்டமும் ஆக்கினாராம். இன்னொருவர் இறகும் அலகும் இல்லாமல் பறவையைச் செதுக்கினாராம். பறப்பது மட்டும் மிச்சமாம். புத்தகத்தைத் திறந்து காட்டினார். பறவை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, சொல்லவில்லை. மரத்துக்கு வாய் கிடையாது, சும்மா இருந்திருக்கும். எனக்கு இருக்கிறதே.

பிப்ரவரி 11
முட்டையும் போயிற்று.

பிப்ரவரி 12
தங்கை வந்திருந்தாள். மாடி அறையில் படத்தைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, அத்தான் கதவு வரைய ஆரம்பிச்சுட்டாரா?” என்றாள். கதவு இல்லையடி, உன் அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் போனதும் ஃப்ரிட்ஜைத் துடைத்தேன். அது அழுக்காகக்கூட இல்லை.

பிப்ரவரி 20
குளியலறைக் கண்ணாடி முன் நின்றேன். கண்ணுக்குக் கீழே பை. தாடை தொங்குகிறது. வாயோரம் இரண்டு பக்கமும் கோடு. இதெல்லாம் எப்போது வந்தது? போன வருஷம். அவருக்கு முகம் வேண்டாம் என்று எப்போது தோன்றியது? அதே போன வருஷம். இதற்கு மரம் எதற்கு, பறவை எதற்கு? எனக்கு இருபத்தேழு வயதில் என் காதை மட்டும் ஒரு வாரம் வரைந்த மனுஷன் — இப்போ கிழவியை நேராப் பாக்கப் பிடிக்கல, அவ்வளவுதானே? சொல்லிட்டுப் போயிருக்கலாம்.
அழுதேன்.

பிப்ரவரி 21
கேட்டே விட்டேன். “முகத்தோட ஒரு படம் போடுங்க, பழையபடி. இல்லேன்னா இனிமே நான் உட்கார மாட்டேன்.”
பிரஷைக் கழுவிக்கொண்டே “சரி” என்றார். சண்டைக்குத் தயாராகப் போனவளுக்கு அந்தச் “சரி” இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

பிப்ரவரி 26
ஐந்தே நாளில் முடித்துவிட்டார். முன்பெல்லாம் ஒரு மாதம் ஆகும். கண், மூக்கு, காது எல்லாம் அதனதன் இடத்தில். அழகாகத்தான் இருக்கிறாள். வயது இருபத்தேழு. ஐந்து நாளும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேனே, என் பை எங்கே, கோடு எங்கே?
“இது யாரு?” என்றேன்.
அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “எனக்கும் தெரியுது. கை தானாப் போடுது. உன்னைப் பாக்கவே வேண்டியதில்ல. ஒரு வருஷமா இப்படித்தான். கண்ணுன்னு ஆரம்பிச்சா பழைய கண்ணு வந்து நிக்குது. அதான் ஒவ்வொண்ணா எடுத்தேன்.”
“முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”
“வெக்கமா இருந்துச்சு.”
வெட்கமாம். நான் ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று செத்துக்கொண்டிருக்கிறேன், இவருக்கு வெட்கமாம். கையில் ஏதாவது கிடைத்திருந்தால் அடித்திருப்பேன்.

பிப்ரவரி 27
ஓவியக்கூடம் நடத்துகிற அம்மா வந்தார். அந்த முகப்படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கண்காட்சியில் இதையே முதலில் மாட்டலாம் என்றார். வேண்டாம் என்று சொன்னது நான். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.
அந்த அம்மா போனதும் சாயம் குழைக்கும் கத்தியை எடுத்து நானே சுரண்டினேன். ஈரம் காயவில்லை, சுலபமாக வந்தது. அந்த இருபத்தேழு வயதுக்காரிமேல் கொஞ்சம் பொறாமையும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

மார்ச் 9
அதே கான்வாஸ். சாம்பல் நிறப் பரப்பு, நடுவில் ஒரு பழுப்புப் பட்டை, அவ்வளவுதான். மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன்.
“தப்பு” என்றேன். “இது விறைப்பா நிக்குது. முட்டி வலி வந்ததுலேர்ந்து நான் ஒரு பக்கமாச் சரிஞ்சுதானே உட்கார்றேன்?”
மறுபடி உட்காரச் சொன்னார். பிரஷைத் தொடவில்லை. முட்டியை, இடுப்பை, தோளை, பிறகு முகத்தை, அவசரமே இல்லாமல் பார்த்தார். எனக்கே கூச்சமாகிவிட்டது. அப்புறம் பட்டையைத் துணியால் துடைத்துவிட்டு, சரித்துப் போட்டார்.
ஆமாம், நான் அப்படித்தான் உட்காருகிறேன்.
இடுப்பு விட்டுப்போகிறது. நாளைக்கும் உட்கார வேண்டுமாம்.