டி டிரைவில் நின்றுபோன லில்லி

என் உயிரான அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அழுததையும் அப்பாவைத் திட்டியதையும் மறைக்க மாட்டேன்.

அமரவிளையில் நம் டிடிபி கடையை அப்பாதான் நடத்துகிறார். நீ வைத்த முறையே இன்னும்: மலையாள வேலையெல்லாம் சி டிரைவில், தமிழ் வேலையெல்லாம் டி டிரைவில். சபைப் பாட்டுகளோடு உன் லில்லியின் கதையும் டி-யில்தானே இருந்தது? டைப் அடித்த பக்கங்களை ஞாயிறு மத்தியானம் எனக்கு வாசித்துக் காட்டுவாயே. வெள்ளத்தில் தனியே தோணி தள்ளிப் போன லில்லியை ஆற்று நடுவில் விட்டுவிட்டு நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய்; திரும்பி வரவே இல்லை. முடிவை அடித்துவிட்டுப் போனாயா, அம்மா? அது மட்டும் எனக்குத் தெரியாது.

போன வாரம் கம்ப்யூட்டர் கிளம்பவே இல்லை. நெய்யாற்றின்கரையிலிருந்து ரிப்பேருக்கு வரும் சஜி அண்ணன் சி-யை அழித்து விண்டோஸை மறுபடி போட்டார். மலையாள ஃபாண்டுகளைப் போட்டவரிடம் தமிழ் இல்லை. நம் தமிழ் ஃபாண்ட் பிளாப்பியோ மழையில் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. அதனால் டி-யில் எந்த ஃபைலைத் திறந்தாலும் தலையில் தொப்பி வைத்த இங்கிலீஷ் எழுத்துகள்தான் வந்தன.

"வைரஸாணு சேட்டா. ஒரக்ஷரம் பாக்கியில்ல," என்றார் சஜி அண்ணன். வைரஸ் ஓர் எழுத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லையாம்; டி-யை அழித்து எல்லாவற்றையும் ஒரே டிரைவாக ஆக்கிவிடலாமாம். வக்கீல் ஆபீஸ் வேலையைக் காலையில் கொடுக்க வேண்டிய அப்பாவும் தலையாட்டினார்.

"அப்பா, அது வைரஸ் இல்ல. ஃபாண்ட் போட்டா தமிழா மாறும். அம்மை மாத்துனத நான் பாத்திருக்கேன்."

"ஈ குட்டி என்றெ பணி களயும்!" என்று சஜி அண்ணன் சிரித்தார். அவர் வேலையை நான் பறித்துவிடுவேனாம்.

"செத்துப்போன ஃபைலாக்கும் மக்கா. விடு," என்றார் அப்பா.

"அம்மையயும் இப்பிடித்தான் விட்டீங்களா?"

கேட்டுவிட்டேன். உன் கதையைப் பிளாப்பியிலாவது எடுத்துத் தரச் சொன்னேன். வைரஸ் அதில் ஏறி மறுபடி வரும் என்று சஜி அண்ணன் மறுத்துவிட்டார்.

"பேப்பர்ல வைரஸ் ஏறாதுல்லா? பிரிண்டாவது தாங்க."

அப்பா பிரிண்டரில் தாள் வைத்தார். உன் கதை முழுவதும் குப்பையாகவே அச்சாகி வந்தது. பிறகு அழிக்கட்டுமா என்று திரை கேட்டது. சஜி அண்ணன் தயங்க, அப்பாவே பட்டனை அழுத்தினார். அப்புறம் டி என்ற எழுத்தே அங்கே இல்லை. நான் தாள்களைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

முதல் பக்கம் எனக்கு மனப்பாடம் அல்லவா? அதைத் தமிழில் எழுதிக் குப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். எந்தத் தொப்பிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இதே வேலைதான்.

இன்று சாயங்காலம் கடைசித் தாளை முடித்தேன். லில்லி இன்னும் ஆற்று நடுவில்தான் நிற்கிறாள். கீழே நீ உனக்காக அடித்து வைத்த ஒரு வரி: "மிச்சம் நாளைக்கு."

எந்த நாளைக்கு, அம்மா?

அப்பாவிடம் காட்டினேன். அவர் கடைசித் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முடிவ நான் அழிச்சுப் போட்டேனா மக்கா?"

"இல்லப்பா. அம்மை அடிக்கவே இல்ல."

அவர் பெருமூச்சு விட்டு உன் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கோ இத்தனை நாளும் அப்பாமேல் கோபமாவது இருந்தது. இனி யார்மேல் கோபப்பட? நான் முடிவு எழுதினால் லில்லி பிழைப்பாள். ஆனால் அவள் உன் லில்லியாக இருப்பாளா?

தெரியவில்லை, அம்மா. ஆனாலும் சத்தியம் பண்ணுகிறேன்: எத்தனை தடவை கிழித்து எழுத வேண்டி வந்தாலும், அவளை அந்த வெள்ளத்தில் தனியே நிற்க விட மாட்டேன்.

அப்பா கடை லைட்டை அணைத்துவிட்டார்.

உன் ஒரே மகள்,
ஷீபா