இரண்டு ஓட்டைக்கு நடுவே ஓர் ஓட்டை

அன்புள்ள மகளுக்கு,

நீ அங்கே கை கால் சுகத்தோடு இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத ஆரம்பிக்கிறேன், இங்கே அப்படிச் சொல்வதற்கில்லை. உன் தம்பி செவலைக் குதிரையின் மேலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்து கட்டோடு கிடக்கிறான். சேணத்தின் இடது பக்க வார் அறுந்துவிட்டது, குதிரையின் வயிற்றுப் பட்டையை மாட்டுவது அந்த வாரில்தானே, சேணம் புரண்டு அவனையும் கவிழ்த்துவிட்டது. நீ எடுத்துப்போன சேணத்தின் வாரை உடனே மாற்றச் சொல் என்று அம்மாவிடம் சொன்னேன், அப்பா கண்ணுக்கு எல்லாமே கிழிசல்தான் என்று நீ சிரித்தாயாம். என் போனையும் எடுப்பதில்லை, அது உன் இஷ்டம். அதனால்தான் பார்சலுக்குள் இந்தக் கடிதம்.

மழைக்காலத்தில் குதிரைகள் சும்மா நின்று கொழுத்தபோது பட்டை வாரின் ஓர் ஓட்டையில் இறுக்கியது, அடுத்த ஓட்டையில் தொளதொளத்தது. உன் பெரியப்பா ஆணியால் இரண்டுக்கும் நடுவில் இன்னோர் ஓட்டை அடித்தார், உன் சேணத்திலும் தம்பி சேணத்திலும் ஒரே நாளில். நெருக்கி அடித்தால் தோல் அங்கேதான் பிய்யும் என்றேன். என்ன வாத்தியாரே, தோலுக்கும் பாடம் எடுக்கிறியா என்றார். லாயமே சிரித்தது, நீயும் சிரித்தாய். நான் அதை மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை. படித்தவன் நான், லாயத்துக்கு முதலாளி அவர், என்ன செய்வது. ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் அவர், பையனுக்குக் குதிரைமேல உட்காரத் தெரியலை, நல்லவேளை குதிரைக்கு ஒண்ணும் ஆகலை என்று ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அறுந்த துண்டை இதில் வைத்திருக்கிறேன், கையில் எடுத்துப் பார். மேல்பக்கம் அவர் எண்ணெய் தடவித் தடவிப் பளபளக்கிறது. பின்பக்கமாக மடக்கு, மயிரிழை போல வெடிப்புத் தெரியும், அந்த நடு ஓட்டை முட்டை வடிவில் இழுபட்டிருக்கும். பிறகு உன் சேணத்தின் மடலைத் தூக்கி உன் வாரையும் அதேபோல மடக்கிப் பார், அப்புறம் சிரிப்பு வந்தால் சிரி. புதிய வார்களும் பார்சலில் இருக்கின்றன, அங்கே சேணம் தைக்கத் தெரிந்தவரிடம் கொடு, நீயாக ஊசி எடுக்காதே. கால் வைத்து ஏறும் அங்கவடி வார்களை மாதம் ஒருமுறை இடம் வலம் மாற்றிப் போடு, எப்போதும் இடது பக்கமே ஏறுவதால் அது மட்டும் நீண்டுவிடும். தடை தாண்டும் போட்டி நெருங்குகிறது என்று தெரியும், வார் மாறும்வரை அந்தச் சேணத்தில் நடைக்குக்கூட ஏறாதே.

நீ ஏறுகிற ஒவ்வொரு குதிரையிலிருந்தும் உன் காலாலேயே இறங்க வேண்டும், என் ஆசீர்வாதம் அவ்வளவுதான். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. பழைய வார்களை அந்த ஓட்டையோடு சேர்த்து வெட்டி எனக்கு அனுப்பு. பதில் எழுத வேண்டாம், போனை எடுக்கவும் வேண்டாம், அந்தத் தோல் என் கைக்கு வந்தால் போதும்.

கோபம் குறையாத,
உன் அப்பா