கருடன் காலில் மீன்

1946, புரட்டாசி சனிக்கிழமை இரவு. அரியலூர்.

திருச்சி ஓவியக் கண்காட்சிக்கு என் கருடன் படம் நாளைக் காலை ரயிலில் போக வேண்டும். மாமியார் இன்றுதான் அதைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தூக்கிய கை, கருடன் காலில் இருந்த மீனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டது.

"பெருமாள் வாகனம்டி! புரட்டாசி மாசத்துல அதுக்கு மீனா? புள்ளைக்கு வேற மேலு சுடுது. அந்த மீன அழிச்சிடு."

"புரட்டாசின்னு கருடனுக்கு யாரும் சொல்லலியேம்மா," என்று இவர் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை.

குழந்தையின் நெற்றியைத் தொட்டேன். பயம் பிடித்துக்கொண்டது. மீனை மறைக்க நீல வர்ணம் குழைத்து உட்கார்ந்தேன். ஆனால் திருமழபாடியில் நான் பார்த்த கருடன், கொள்ளிடத்துத் தண்ணீரை உரசிக்கொண்டு வந்து காலால்தான் மீனை அள்ளியது. பறந்தபடியே குனிந்து தின்றது. மீனை எடுத்துவிட்டால் அந்த மடங்கிய நகங்கள் எதைப் பிடித்திருக்கின்றன? வெறும் பொம்மையாகிவிடும்.

தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன். படம் சரியாக வந்திருக்கிறது. எனக்குத் தெரியும்.

குழந்தைக்குக் கழுத்தில் வியர்க்கிறது. காய்ச்சல் இறங்கிவிடும். இறங்க வேண்டும்.

படத்தைச் சாக்கில் சுற்றித் தைத்து முடித்தேன். இனி யாரும் அதில் கை வைக்க முடியாது, நான் உட்பட.