கொட்டாமல் வைத்த திரவம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

எங்கள் ஆய்வகத்துச் செய்தி ஒன்று சொல்கிறேன். நோயை எதிர்க்கும் உயிரணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பக்கத்து அணுக்களைப் பற்றிக்கொண்டுதான் வளரும். அந்தப் பிடிமானத்துக்குத் தேவையான ஒரு புரதத்தை நீக்கியபோது, நாங்கள் அவற்றை வளர்க்கும் கண்ணாடித் தட்டில் இளம் அணுக்கள் காணாமல் போயின. செத்துவிட்டன என்றே எல்லோரும் நினைத்தோம். "அப்படின்னா இதுல புதுசா ஒண்ணுமில்ல. இந்த மாசத்தோட மூட்டை கட்டிடலாம்" என்றார் பேராசிரியர்.

தட்டைக் கழுவிய திரவத்தைக் கொட்டிவிடுவது இங்கே வழக்கம். போன வாரம் நான் கொட்டவில்லை. செத்த அணுக்களில் மட்டும் ஏறும் நீலச் சாயத்தை அதில் கலந்து, நுண்ணோக்கியில் வைத்தேன்.

"குப்பையை ஏண்டி கிளறுறே?" என்று சிரித்த சீனியர் அக்கா, எட்டிப் பார்த்ததும் கத்திவிட்டார். "அடிப்பாவி, நீலமே ஏறலையே! எல்லாம் உயிரோட இருக்கு!"

பிடிமானம் இல்லாததால், முதிரும் முன்பே கழன்றுவந்த அணுக்கள் அவை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம், அதே முடிவுதான். "ஆராய்ச்சி தொடரும். கட்டுரையில முதல் பேர் உன்னோடது" என்று பேராசிரியர் எல்லோர் முன்னாலும் சொன்னார். நீங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், அப்பா.

ஒரே ஒரு வேண்டுகோள். போன் செய்தால் "நல்லா இருக்கியா? இந்தா, அம்மா" என்று கைமாற்றிவிடுவீர்கள். இந்த ஞாயிறு கொஞ்ச நேரம் உங்கள் கையிலேயே வைத்திருங்கள். முழுவதையும் உங்களிடம் சொல்ல வேண்டும்.

நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்