கண்ண மூடுற பல்லி

பல்லி கண்ண மூடுச்சான்னுதான்டா கேட்டேன், செத்துப்போச்சான்னு கேக்கல, அதுக்கு ஏன் அப்படிப் பதறுன? ஏன் கேட்டேன்னு சொல்றேன், இரு. முதல்ல நீ எப்படி இருக்க டார்சி, இருமல் போச்சா, பென்ரித் குளிருக்கு இன்னும் அந்தக் கிழிஞ்ச ஜாக்கெட்டதான் மாட்டிக்கிட்டுத் திரியறியா? இங்க கோபார்ல நானும் உன் தங்கச்சியும் நல்லாத்தான் இருக்கோம், இண்டிக்கு முன்பல்லு ஆடுது, தொட விடமாட்டேங்கிறா, சூப்பக்கூட ஸ்ட்ரா வச்சு உறிஞ்சிக்கிட்டு ராணி கணக்கா உக்காந்திருக்கா. நான் மறுபடி வேலைய மாத்திட்டேன், மோட்டல்ல கண்டவன் படுத்த விரிப்ப உருவுறது போதும்னு ஆயிடுச்சு, இப்ப ஹைவே ரோட்ஹவுஸ்ல சமையக்கட்டு. சிரிக்கிறியா, சிரி, பத்தாவதையே முடிக்காம உன்ன வயித்துல வச்சுக்கிட்டு ஓடி வந்தவ ஒரு எடத்துல எப்படி உக்காருவா. இதையும் நின்னுக்கிட்டேதான் எழுதறேன், ரெண்டு வரிக்கு ஒரு தடவ சிப்ஸ் கூடைய எண்ணெயில எறக்கணும், கறை பட்டிருந்தா கண்டுக்காத.

மெசேஜ் போடாம ஏன் லெட்டர்னு நீ நெனைப்ப. உன் ஃபோன் அந்த வீட்டுல எல்லார் கையிலயும் சுத்துதுடா. பல்லி ஏன் சாப்பிடலன்னு நீ கேட்டிருந்த, அதுக்கு நான் அடுக்கடுக்கா கேள்வி கேட்டேன்ல, "எல்லாம் சூப்பரா போகுது மேட், கவலப்படாத"ன்னு பதில் வந்துச்சு. நீ பொறந்ததுலேருந்து என்ன ஒரு தடவயாவது கூட்டாளிய கூப்பிடற மாதிரி மேட்னு கூப்பிட்டிருக்கியா? அது மிட்ச். கூட குடியிருக்கிறவன் உன் ஃபோன எடுத்து உன் ஆத்தாளுக்கே பதில் போடறான்னா அவனுக்கு என்னமோ அவசரம். அதான் லெஸ் கையில குடுத்தனுப்பறேன், வாரா வாரம் செம்மறி ஏத்திக்கிட்டு இந்த வழியா சிட்னி போற லாரிக்காரன், அப்பாவுக்கு வயசானா எப்படி இருப்பாரோ அப்படி இருப்பான், பயந்துராத. உன் கையில மட்டும்தான் குடுக்கணும், வேற எவன் கதவத் தொறந்தாலும் திரும்பி வந்துருன்னு சொல்லிருக்கேன். "என்ன டீகன், காதல் கடுதாசியா, பையனோட மொகம் எனக்கெப்படி தெரியும்"னு கேட்டான், காது ரெண்டும் வண்டிக் கதவத் தொறந்து வச்ச மாதிரி நிக்கும்னு அடையாளம் சொல்லிருக்கேன்.

இப்ப பல்லிக்கு வரேன். முதல் முதலா ஒண்ணு வளக்கப் போறேன் அதுக்கு வீடு எப்படி அமைக்கணும்னு நீ கேட்டப்ப எனக்குத் தல கால் புரியல, நம்ம வீட்டுக் குரைக்கிற பல்லி சார்ஜன்ட்ட சின்ன வயசுல மணிக்கணக்கா பாத்துக்கிட்டு உக்காந்திருப்பியே, அந்த ஆசை போகலையேன்னு. கொழுத்த வாலு, ஒடம்பெல்லாம் புள்ளி, கண்ணாடியில ஏறத் தெரியாது, நம்ம ஊரு குரைக்கிற பல்லிதான்னு மிட்ச் சொன்னான்னு எழுதுன, நானும் கண்ண மூடிக்கிட்டு நம்பிட்டேன். சார்ஜன்ட்டுக்கு என்ன செய்வனோ அதையே உனக்குச் சொன்னேன், சூடு ரொம்ப வேண்டாம், குளிரத் தாங்கும், ஒரு மூலையில சின்ன பல்ப் போதும், சாயங்காலம் லேசா தண்ணி தெளின்னு. நீயும் அப்படியே செஞ்ச. அது சுருண்டு படுத்துச்சு. பூச்சிய மூக்குக்கு நேரா விட்டாலும் திரும்பிப் பாக்கல, வாலு மெலியுதுன்னு எழுதுன. அப்பவே எனக்கு என்னமோ போல இருந்துச்சு, ஏன்னா நம்ம பல்லி சாப்பாட்டுப் பேய், மூடியத் தொறந்தாலே நாலு கால்ல எழும்பி நின்னு வாலத் தூக்கிக்கிட்டு நாய்க்குட்டி மாதிரி என்மேலயே குரைக்கும். உன்னது குரைச்சுச்சான்னு கேட்டேன், ரொம்ப சாதுன்னு சொன்ன. பேரு கஸ்டர்ட்னு வச்சிருக்கேன், மஞ்சள் மஞ்சளா அழகா இருக்குன்னு சொன்ன. டேய், நம்ம பல்லி பழுப்புடா, செங்காவி படிஞ்ச பழுப்பு. அதுல எங்கேருந்து கஸ்டர்ட் வந்துச்சு? முழுசா ஒரு போட்டோ அனுப்புன்னேன், வால மட்டும் அனுப்புன, முகத்த எடுத்தா அது கண்ணுக்கு வெளிச்சம் ஆகாதுன்னு மிட்ச் சொன்னானாம். அப்புறம் நீயே ஒரு வரி எழுதுன, தூங்கும்போது கண்ண மூடிக்கிட்டு சிரிச்ச மாதிரி கெடக்கும்மான்னு. அத நான் மீன் பொரிச்சுக்கிட்டே படிச்சேன், மீனு கருகிப் போச்சு.

நம்ம ஆஸ்திரேலியாவுல இருக்குற எந்த கெக்கோ பல்லியாலயும் கண்ண மூட முடியாது. அதுக்கெல்லாம் இமையே கெடையாது, தூசி விழுந்தா நாக்க நீட்டிக் கண்ண நக்கித் தொடைச்சுக்கும், சார்ஜன்ட் செய்யறதப் பாத்துட்டு நீயும் நாக்கால மூக்கத் தொடப் பாப்பியே. உன் அறையில இருக்கறது லெப்பர்ட் கெக்கோ, அதுக்கு இமை உண்டு. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்துக் கல்லுக்காட்டுப் பல்லி. வேற நாட்டுல கடையில வச்சு விக்கிறாங்க, சின்னப் புள்ளைங்கெல்லாம் வளக்குது, இங்க வீட்டுல வச்சிருந்தாலே குத்தம். லைசென்ஸ் வாங்கிக்கலாமான்னு கேக்காத, அதுக்கு லைசென்ஸே கெடையாது.

இப்ப மிட்ச் சொன்னதெல்லாம் வேற மாதிரி கேக்குதா உனக்கு? இந்த மாதிரி சின்னப் பல்லிக்கெல்லாம் லைசென்ஸ் எவன் கேக்கப் போறான்னு சொன்னான்ல, அது முதல் பொய், சார்ஜன்ட்டுக்கே நான் வருசா வருசம் எடுக்கறேன். ஒரு டின் பீர்கூட ஓசியில குடுக்காதவன்னு நீதான சொன்ன, தொட்டியோட பல்லிய ஏன் சும்மா தூக்கிக் குடுத்தான்? அவன் அறை எப்பவும் பூட்டியே கெடக்கு, கதவுக்கடியில கால வச்சா வெதுவெதுன்னு இருக்குன்னு எழுதுன, இந்தக் குளிர்ல எவனுக்குடா கதவுக்கடியில சூடு வருது? உள்ள இன்னும் எத்தன தொட்டி இருக்கோ. அதுல ஒண்ண மட்டும் உன் அறைக்கு மாத்திருக்கான். யாராவது வந்து கேட்டா, அது டார்சியோடதுன்னு கைய நீட்டறதுக்கு ஆள் வேணும்ல. நீ வளத்த, நீ பேரு வச்ச, நீ பூச்சி வாங்குன. எனக்கு இதத் தவிர வேற எதுவும் தோணல, தோணுச்சுன்னா நீ சொல்லு.

இன்னொண்ணையும் கேட்டுடறேன், மனசுல வச்சுக்கிட்டு எனக்குத் தூக்கம் வராது. உனக்குத் தெரியுமாடா? வால மட்டும் போட்டோ எடுத்து அனுப்பும்போது உனக்குத் தெரிஞ்சிருந்துச்சா? அம்மாகிட்ட என்ன பல்லின்னு சொல்லாம கேட்டா வேலை நடந்துடும்னு நெனச்சியா? தெரியலன்னா சரி. தெரிஞ்சுதான் செஞ்சன்னா அதையும் சொல்லிடு, நான் கத்துவேன், அப்புறம் சரியாயிடுவேன், நீ என்ன பாத்திருக்க.

பல்லி என்ன பாவம் பண்ணுச்சு, அத முதல்ல கவனி. நான் சொன்ன குளிர் வீட்டுல அதுக்கு சாப்பாடே செரிக்காது, வயித்துக்கு அடியில சூடு வேணும் அதுக்கு. லெஸ் குடுக்கற பெட்டியில ஹீட் மேட், கரண்டுல சூடாகுற விரிப்பு ஒண்ணு வச்சிருக்கேன், தொட்டியோட ஒரு பக்கத்துக்கு அடியில மட்டும் போடு, முழுசுக்கும் போட்டா ஓடி ஒளிய எடம் இருக்காது. கூட சூட்ட அளவோட நிறுத்துற தெர்மோஸ்டாட் ஒண்ணு இருக்கு, அது இல்லாம அந்த விரிப்ப சொருகவே சொருகாத, வயிறு வெந்துடும். சூடான பக்கம் முப்பத்திரண்டு டிகிரி வரைக்கும் போகட்டும், மறுபக்கம் அறை அளவுக்கு இருந்தா போதும். சூட்டுல ஒரு பொந்து, குளிர்ல ஒரு பொந்து, பூந்தொட்டி ஒடைஞ்சத கவுத்து வச்சாலே போதும். மூணாவதா ஐஸ்கிரீம் டப்பா மூடியில ஓட்ட போட்டு உள்ள ஈரத்துணி வச்சிடு, தோல் உரிக்கறதுக்கு. விரல் நுனியில பழைய தோல் ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாரு, இருந்தா இழுக்காத, ஊறவிடு. அழகா இருக்கும்னு மணல் கிணல் கொட்டாத, பூச்சியோட சேத்து முழுங்கிடும், சமையக்கட்டு பேப்பர் விரிச்சாப் போதும். தண்ணி தெளிக்கறத நிறுத்து, சின்னக் கிண்ணத்துல வை. பூச்சிய கால்சியம் பொடியில பொரட்டிப் போடு, பொடியும் பெட்டியில இருக்கு. போட்ட ஒடனே திங்காது, முதல்ல ஒடம்பு சூடாகணும், நீ தொட்டிக்கு முன்னாடியே குத்த வச்சுக்கிட்டு மொறைச்சுப் பாக்காத.

அதுக்கு மேல வச்சுக்க முடியாது டார்சி. லெஸ் லாரியில ஏத்தி இங்க கொண்டாந்துடலாமா, சார்ஜன்ட் பக்கத்துல ஒரு தொட்டி வச்சுடலாமான்னு எனக்கும் ஒரு நிமிசம் தோணுச்சு, பொய் சொல்ல மாட்டேன். இண்டி பள்ளிக்கூடத்துல போய் எங்க வீட்டுல கண்ணடிக்கிற பல்லி இருக்குன்னு சொல்ல எவ்வளவு நேரமாகும். அந்தப் பல்லிக்கு இங்க இல்லாத நோய் ஏதாவது இருந்து இங்க உள்ளதுங்களுக்குத் தொத்திக்கிட்டா அது இன்னும் பாவம்.

நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். கூட்டாளிய காட்டிக் குடுக்கக் கூடாதும்பே. நான்தான் உன்ன அப்படி வளத்தேன், இந்த ஊரே அப்படித்தான். நேத்து டீ குடிக்கற நேரத்துல லெஸ்கிட்ட பேரெதுவும் சொல்லாம கேட்டுப் பாத்தேன், ஒருத்தன் கூட இருக்கறவனப் பத்தி அதிகாரிங்ககிட்ட சொன்னா தப்பான்னு. கடிச்சுக்கிட்டிருந்த, கறி அடைச்ச பைய கீழ வச்சுட்டான். "அப்படிப்பட்டவன் ரோட்டுல வண்டி பஞ்சராகி நின்னாலும் நான் நிறுத்த மாட்டேன்"னான். சுத்தி இருந்த நாலு பேரும் தலையாட்டுறானுங்க. ஒருத்தன், "கொலைன்னா ஒருவேள யோசிக்கலாம்"னான், அதுக்கும் இன்னொருத்தன் "யாரக் கொன்னான்ங்கறதப் பொறுத்து"ன்னான். நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு பின்பக்கம் குப்பத் தொட்டிகிட்ட போய் நின்னு ஃபோன் பண்ணிட்டேன்.

ஆமா, பண்ணிட்டேன். உன்னக் கேக்கல, கேட்டா நீ வேண்டாம்பே. வனவிலங்கு ஆபீஸுல ஒரு பொம்பளதான் எடுத்தா, மரியாதையாத்தான் பேசுனா. என் பையன் தெரியாம வாங்கிட்டான், செவ்வாக்கிழமை அவனே கொண்டாந்து குடுப்பான்னு சொன்னேன், தானா வந்து குடுக்கறதுதான் உங்களுக்கு நல்லது, ஆனா நான் வாக்கு எதுவும் குடுக்க முடியாதுன்னா. அட்ரஸ் பின்பக்கம் எழுதிருக்கேன். பல்லிய என்ன செய்வீங்கன்னு கேட்டேன். செவ்வாக்கிழமை எத்தன மணிக்கு வருவான்னு பேச்ச மாத்திட்டா. அதுக்கு மேல நானும் கேக்கல. நீயும் அங்க போய்க் கேக்காத, ஆனா கேக்காமலே தெரிஞ்சுக்கற வயசு உனக்கு. யார் குடுத்தான்னு அவ கேட்டதுக்கு மிட்ச் பேரச் சொன்னேன். பூட்டுன அறையப் பத்தியும் சொன்னேன். இத வச்சு நீ அவனுக்கு முன்கூட்டியே சொல்லப் போறியா இல்லையாங்கறது உன் கையில, நான் சத்தியம் வாங்க மாட்டேன், ஆனா சொன்னன்னா செவ்வாக்கிழமை வரைக்கும் அந்தப் பல்லிய உயிரோட விடமாட்டான், அத மட்டும் யோசி. நீ டைல்ஸ் ஒட்டுற வேலை பாக்குற முதலாளி வீட்டுப் பின்கட்டு காலியா இருக்குன்னு சொன்னல்ல, துணிமணி, கருவியெல்லாம் அங்க மாத்திடு.

நாளைக்கு உன் கூட்டாளிங்க எவனாவது யாருடா போட்டுக் குடுத்ததுன்னு கேட்டா, மென்னு முழுங்காத. எங்கம்மான்னு சொல்லு. டீகன், கோபார் ரோட்ஹவுஸ்னு முழுசாச் சொல்லு, வரட்டும், இங்க எவனுக்கும் நான் பயப்படல. நீ எவனையும் காட்டிக் குடுக்கல, அது உன் பேர்ல இல்ல. என்மேல கோவமா இருந்தா இரு, பேசாம இருந்தாலும் இரு, நல்லபடியா இரு, சூடா ஏதாவது சாப்பிடு, கடையில விக்கிற கறிப் பையே தின்னுக்கிட்டு இருக்காத. இண்டி முத்தம் சொல்லச் சொன்னா. செவ்வாக்கிழமை மறந்துடாத, போகும்போது பல்லிய சட்டைக்குள்ள ஒடம்போட வச்சுக்கோ, வழியில குளிரு. லெஸ் வண்டியக் கெளப்பிட்டான், ஹாரன் அடிக்கறான், ஓடணும்டா.

அம்மா