பேட்டரி இல்லாத கார்

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

சிம்ரனின் காரைக் கொளுத்தியது என் தம்பி வசந்த்.

முதலில் இதை எழுதி வைத்துவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் சேர்ந்து வேறொன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால் எனக்கே சந்தேகம் வந்துவிடும். இந்த வீட்டுக்கு அந்தத் திறமை உண்டு.

சனிக்கிழமை சாயங்காலம் நானும் அவளும் கம்பெனியில் இருந்தோம். ஊருக்கும் காலனிக்கும் நடுவில், தண்ணீர் டேங்க் பக்கம் அவள் நிறுத்தியிருந்த மாருதி 800 எரிந்தது. நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெறும் தகடு. மறுநாள் காலையில் பார்க்கிறேன், வசந்தின் வலது புருவத்தில் பாதி இல்லை. கை மயிரெல்லாம் கருகிச் சுருண்டிருக்கிறது.

"கேஸ் பத்த வச்சேன்க்கா, குப்புனு வந்துச்சு."

இருபத்தொரு வயதாகிறது. இவன் இதுவரை அடுப்பைத் தொட்டதில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எப்படி ஆனது என்று அவள் கேட்கவே இல்லை.

13 ஆகஸ்ட்

ஊர் முடிவு செய்துவிட்டது. ஷார்ட் சர்க்யூட்.

பெரியப்பா பரசுராமன் டீக்கடையில் சொன்னாராம்: "பழைய வண்டி. ரெண்டு பொட்டப் புள்ளைங்க சேர்ந்து ஒயர இஷ்டத்துக்கு இழுத்து வச்சிருந்துதுங்க. எரியாம இன்னா பண்ணும்?" ஸ்டேஷனிலும் அதையே சொன்னார். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கும் அவர்தான் வாய். அடுத்த தேர்தலில் ஊருக்கே அவர்தான் வாயாகப் போகிறார்.

நானும் சிம்ரனும் வேலை செய்வது ஒரகடம் பக்கம், ஒயரிங் கம்பெனியில். புதுக் கார்களுக்குள் ஓடுகிற ஒயர்க் கட்டு எங்கள் கையில்தான் உருவாகிறது. நான் டேப் சுற்றும் லைன். அவள் செக்கிங் போர்டு. ஒவ்வொரு கட்டிலும் கரண்ட் சரியாக ஓடுகிறதா என்று அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகும். ஊரான் கார்களுக்கு எங்கள் ஒயர் போதும். எங்கள் காருக்கு மட்டும் தீப்பிடிக்குமாம்.

அது போகட்டும். அன்றைக்கு அந்தக் காரில் பேட்டரியே இல்லை. சார்ஜ் நிற்கவில்லை என்று சனிக்கிழமை காலை வசந்த்தான் கழற்றி, தன் பைக்கில் கட்டி, சின்ன காஞ்சிபுரத்தில் காசிநாதன் கடைக்குக் கொண்டுபோனான். நான் பார்த்தேன். கயிறு எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

பேட்டரி இல்லாத வண்டிக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது? சிம்ரன் ஈபி லைனில் கொக்கி போட்டு வைத்திருந்தாளா?

15 ஆகஸ்ட்

கம்பெனி லீவு. வீட்டில் எவனோடும் பேசப் பிடிக்காமல் மாடியில் படுத்துக் கிடந்தேன். அந்தக் காரை வாங்கிய நாள் ஞாபகம் வந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் கிருஷ்ணஸ்வாமி என்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார். வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பின்பக்கத் தெரு. வீட்டை ஒட்டிய சந்தில், தார்ப்பாயின் கீழ், வெளிர் நீலத்தில் அது நின்றது. நாலு டயரிலும் காற்று இல்லை. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

"வண்டி தங்கம்மா. ஒயரைத்தான் எலி கடிச்சுடுத்து" என்றார் என்னைப் பார்த்து. விலை சொன்னதும் என்னைப் பார்த்து. சாவியை நீட்டியதும் என்னிடம்.

"வாங்கறது நான் சார்" என்றாள் சிம்ரன்.

அவர் என்னைப் பார்த்து, "அப்படியா?" என்றார்.

டயருக்குக் காற்றடித்து, தெரு முனை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே சிரித்தோம். "ஏன்டி, என் மூஞ்சில டிரைவர்னு எழுதி ஒட்டிக்கீதா?" என்றாள். பெட்ரோல் பங்கில், டோல்கேட்டில், டயர் கடையில், எல்லா இடத்திலும் அப்புறம் அதே கதைதான். ஓட்டுகிறவள் அவள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் நான். ஆகவே முதலாளி நான். எங்களுக்கு அது வெகுநாள் ஜோக்காக இருந்தது.

17 ஆகஸ்ட்

ஒயரிங் முழுவதையும் பிடுங்கிப் போட்டுப் புதிதாகச் செய்தோம். ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் அதுதான். சிம்ரனின் அம்மா வடிவு தறிக்காரர் வீடுகளுக்குக் கூலிக்குப் போகிறவள். டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கிய ஒயர்களைக் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, தறில பாவு நூலு மொத்தமும் அறுந்த மாதிரி கெடக்குது. இத்தக் கட்டறதுக்குள்ள உனக்குக் கல்யாண வயசு தாண்டிப் போயிடும்" என்றாள்.

"அதுக்குத்தாம்மா வாங்குனேன்."

டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து அவள் ஒயரை நீட்டுவாள், நான் சுற்றுவேன். டார்ச் பிடித்தது வசந்த். கை வலிக்குது என்று புலம்பிக்கொண்டே பிடிப்பான், ஆனால் போகமாட்டான். ஒவ்வொரு ஃபியூஸாகப் போட்டு அவள் மீட்டரை வைத்துப் பார்ப்பாள். சரியாக இருந்தால் ஒரு தடவை விசில்.

முதல் தடவை இன்ஜின் பிடித்த நாள். சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் இருமும், அணையும். இருமும், அணையும். நானும் வசந்தும் பின்னாலிருந்து தள்ளினோம். டேங்கைத் தாண்டி வேப்பமரத்துத் திருப்பத்தில் படபடவென்று பிடித்துக்கொண்டது. பின்னால் கரும்புகை. சிம்ரன் நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் மறுபடி பிடிக்காதே என்று பயம். நாங்கள் ரெண்டு பேரும் பின்னாலேயே ஓடினோம். வசந்த் ஓடிக்கொண்டே கதவைத் திறந்து உள்ளே விழுந்தான். செருப்பு ரோட்டில் கிடந்தது.

தென்னேரி ஏரிக்கரைச் சாலையில்தான் அவள் அவனுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தாள். "கிளட்ச்ச விடுடா, மெதுவா, மெதுவா. உங்க ஊட்டுக் கோழிய அமுக்கற மாதிரி அமுக்காதடா" என்பாள். லைசென்ஸ் வாங்கியதும் முதலில் அவளிடம்தான் கொண்டுபோய்க் காட்டினான்.

அந்தக் கைதான்.

18 ஆகஸ்ட்

இன்று சிம்ரன் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. நாள் முழுக்க டேப் சுற்றினேன்.

22 ஆகஸ்ட்

யாரோ கொளுத்திவிட்டார்கள் என்று சிம்ரன் மனு கொடுத்தாள். எவன் எதற்குக் கொளுத்தப் போகிறான் என்று ஸ்டேஷனில் கேட்கிறார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பெரியப்பா அதை என் கார் என்றே நினைத்திருந்தார். "நம்ம தீபிகா வண்டி வாங்கிட்டா, ஓட்டறதுக்கு அந்தப் பொண்ண வச்சிருக்கா" என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே ஒரு நாள் பின் கண்ணாடியில் எங்கள் சங்கத்து ஸ்டிக்கரைக் கொண்டுவந்து ஒட்டினார். கண்ணாடி முழுக்க. சிங்கம், வாள், சாதிப் பெயர், கீழே அவர் பெயர்.

சிம்ரன் பார்த்தாள். வீட்டுக்குப் போய் பிளேடும் வாளியில் தண்ணீரும் கொண்டுவந்து, பட்டப்பகலில் சுரண்டி எடுத்தாள். யாரோ வீடியோ எடுத்தான்.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "உன் வண்டில அவ யாரு கை வைக்கறதுக்கு?"

"வண்டி அவளுது பெரியப்பா. மொதல்லேர்ந்தே அவளுதுதான்."

அவர் என்னை அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப இத்தன நாளு அவ நம்ம தெருவுல அவ வண்டிய ஓட்டிக்கினு போயிருக்கா" என்றார்.

டிரைவராக எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். சொந்த வண்டியில் போனாள், அவ்வளவுதான் குற்றம். வேறு எந்த மயிரும் இல்லை.

27 ஆகஸ்ட், விநாயகர் சதுர்த்தி

பிள்ளையார் ஊர்வலத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். சங்கத்தின் இளைஞர் பிரிவுச் செயலாளர் வசந்த். படத்தில் ரெண்டு புருவமும் முழுதாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் வரைந்திருக்கிறான் படுபாவி.

3 செப்டம்பர்

காசிநாதன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பேட்டரி இன்னும் என் கடைலதாம்மா கீது. தூக்கிக்கினு போயிடு, எனக்கு வம்பு வேணாம்" என்றார். நானும் சிம்ரனும் அதைத் தூக்கிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனோம்.

எஸ்.ஐ. அதைக் காலால் நகர்த்திப் பார்த்தார். "இது அந்த வண்டிதுன்னு எங்க எழுதிக்குது?"

"எரிஞ்ச வண்டில பேட்டரி இல்லயே சார். போய்ப் பாருங்க."

"எவனாவது பழைய இரும்புக்கு அடிச்சிக்கினு போயிருப்பான்மா."

காசிநாதனைக் கூப்பிட்டார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெனமும் பேட்டரி வருது சார். எது யாருதுன்னு ஞாபகம் இல்ல" என்றார். வசந்தைக் கூப்பிடுங்கள் என்றேன். "உன் தம்பிதானே, நீயே ஊட்ல கேட்டுக்கோ" என்று எஸ்.ஐ. சிரித்தார்.

கொளுத்தியது என்று எழுதினால் வன்கொடுமைச் சட்டத்தில் போட வேண்டும். ஷார்ட் சர்க்யூட் என்று எழுதினால் டீ குடிக்கப் போகலாம்.

5 செப்டம்பர்

வீட்டில் கேட்டேன். "பேட்டரிய எங்கடா கொண்டுபோன?" போனைப் பார்த்துக்கொண்டே எழுந்து வெளியே போய்விட்டான்.

சாயங்காலம் கொளுத்தப் போகிறவன் காலையில் எதற்காக பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனான்? அப்போது தெரியாதா? தெரிந்துதான், அதையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தானா? இரண்டில் எது உண்மையாக இருந்தால் நான் இவனோடு ஒரே தட்டில் சாப்பிட முடியும் என்று யோசிக்கிறேன். எதுவும் இல்லை.

9 செப்டம்பர்

சிம்ரனை செக்கிங் போர்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். பேக்கிங்.

சூப்பர்வைசர் மயில்வாகனம் நல்ல மனுஷன் என்றுதான் எல்லோரும் சொல்வோம். "கஸ்டமர் ஆடிட் வருதும்மா. சொந்த ஒயரிங்ல வண்டி எரிஞ்சுதுன்னு லைன் பூராப் பேச்சு. அந்தப் பொண்ணு கையெழுத்துல மால் போனா நாளைக்கு என்னக் கேப்பாங்க" என்றார்.

"அந்த ஒயரிங் நானும் சேர்ந்து பண்ணதுதான் சார். அப்ப என்னையும் எடுங்க."

"உன்னை யாரும்மா சொன்னாங்க?"

ஆமாம். என்னை யாரும் சொல்லவில்லை. ஊரிலும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லவில்லை.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு அட்டைப்பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள். போர்டில் புதுப் பெண். ரெண்டு ஒயர்க் கட்டை மாற்றி மாட்டினாள். சிம்ரன் அங்கிருந்தே பார்த்தாள், அடுத்த பெட்டியை எடுத்து மடித்தாள்.

14 செப்டம்பர்

அம்மாவோடு சண்டை. போன வருஷம் பிரஷர் ஏறி மயங்கி விழுந்தபோது 108 வரத் தாமதம். சிம்ரன்தான் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். முன் சீட்டில் அம்மா, பின்னால் நானும் வசந்தும் அழுதுகொண்டு.

"அந்த வண்டி இல்லன்னா நீ இல்லம்மா. உனக்கு ஞாபகம் இருக்குதா இல்லயா?"

"ஞாபகம் இருக்குதுடி. அதுக்கு? பெத்த புள்ளைய ஜெயிலுக்கு அனுப்பச் சொல்றியா?"

அப்படியானால் தெரியும். எல்லாம் தெரியும். என் அம்மா லோகாம்பாள் எண்ணெய் தடவும்போதே எல்லாம் தெரிந்து தடவியிருக்கிறாள்.

1 அக்டோபர், ஆயுத பூஜை

வாசலில் வசந்தின் பைக்குக்கு மாலை, சந்தனம், பூசணிக்காய். போன வருஷம் இதே நாளில் அந்தக் கார் டேங்க் பக்கம் வாழைக்கன்று கட்டி நின்றது. வடிவு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். ஏற்றி நசுக்கும்போது ஒரு பழம் தெறித்து வசந்தின் சட்டையில் அடித்தது. அன்றைக்குக் காஞ்சிபுரம் வரை போய்வந்தோம். பஸ் ஸ்டாண்டு எதிரில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரன் கத்தினான். சிம்ரன் தலையை வெளியே நீட்டி, "ஹாரன் அடிக்கற நேரத்துக்கு எறங்கித் தள்ளுண்ணா" என்றாள். கண்டக்டர் நிஜமாகவே இறங்கித் தள்ளினார். இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். என் பக்கத்துக் கண்ணாடி நிற்காது, துண்டு அட்டை சொருகி வைப்பேன். மழை பெய்தால் என் தோள் மட்டும் நனையும்.

இப்போது டேங்க் பக்கம் தரையில் கருப்பு வட்டம். தகட்டைக்கூடப் பஞ்சாயத்து டிராக்டர் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

5 அக்டோபர்

சுங்குவார்சத்திரத்தில் லேடீஸ் ஹாஸ்டல். ஒரு ரூமில் ஆறு பேர். நான் கிளம்பியபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

18 அக்டோபர், சனி

காலை ஷிப்டுக்கு முன்னால் கம்பெனி கேட்டில் வசந்த் நின்றுகொண்டிருந்தான். தீபாவளிக்கு என்னைக் கூட்டிப்போக வந்தானாம். கையில் அம்மா கொடுத்த முறுக்கு டப்பா. புருவம் நன்றாக முளைத்துவிட்டது.

"வந்துடுக்கா. அம்மா சரியாச் சாப்பிடறதில்ல. பெரியப்பா ஒண்ணும் கேக்க மாட்டாரு, நான் பேசிட்டேன்."

அப்போது சிம்ரன் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அவனைப் பார்த்தால் விலகிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். நேரே வந்தாள். இந்த ரெண்டு மாதத்தில் அவன் பெயரைக்கூட அவள் சொன்னதில்லை.

"சாப்டியா?" என்று கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

"மனுவ வாபஸ் வாங்கிட்டேன். எங்கம்மா அங்கதானே இருக்கணும். உங்க பெரியப்பா ஆளு அனுப்பிக்கினே இருந்தாரு. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

எனக்கே தெரியாது. அவள் என்னிடம் சொல்லவில்லை. வசந்துக்குத் தெரிந்திருந்தது, அவன் முகத்தைப் பார்த்தேன்.

"அதனால உனக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள். "யாரு கொளுத்துனதுன்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். இதோ கம்பெனி கேட்டு. உள்ள மயில்வாகனம் சார் இருக்காரு. வந்து ஒரே வார்த்த சொல்லு. அன்னைக்கு வண்டில பேட்டரி இல்ல, நான்தான் கழட்டிக்கினு போனேன்னு. எனக்கு என் போர்டு வேணும்."

வசந்த் முறுக்கு டப்பாவை என்னிடம் நீட்டினான். நான் கையை நீட்டவில்லை. அதை பைக் சீட்டின் மேல் வைத்தான், சரிந்தது, பிடித்து மறுபடி வைத்தான். ஷிப்ட் சங்கு ஊதியது. எங்களைத் தாண்டி எல்லோரும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் கேட்டில் கை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்.

சிம்ரன் நகரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"பேட்டரி இருந்துச்சா, இல்லயா? சொல்லு வசந்த்."