நான் எடுத்துக் கொடுத்த வசனம்

என் தங்கத்துக்கு அம்மா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கணும். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்னு வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரமாட்டேங்குது. போன்ல சொன்னா பாதியிலேயே அழுதுடுவேன், அதான் கடிதம்.

உங்கண்ணன் வீட்டை விட்டுப் போயிட்டான்டி. புது நாடகம் ஒண்ணு போடலாம்னு கேட்ட பாவத்துக்கு உங்கப்பா நாடகக் கம்பெனி ஆளுங்க முன்னாலயே அவனை அறைஞ்சாரே, அதுலேர்ந்து ரெண்டு வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாதுன்னு உனக்கே தெரியும். பேசினதெல்லாம் மேடையில மட்டும்தான், அதுவும் என்ன பேச்சு, அந்தப் பழைய நாடகத்துல அப்பன் மகனைத் துரத்துற பேச்சு. அதுலயாவது கடைசிக் காட்சியில மகன் திரும்பி வருவான், கட்டிப் பிடிச்சு அழுவாங்க, நம்ம வீட்டுக்கு அப்படி ஒரு காட்சியை எவன் எழுதி வெச்சான் சொல்லு. போன ஞாயித்துக்கிழமை சாயங்கால ஆட்டத்துக்கு முன்னாடி அவன் என்கிட்ட வந்து, இன்னையோட சரிம்மா, நான் கிளம்புறேன், அப்பா தன் வாயால இருடான்னு ஒரு வார்த்தை சொன்னா இருக்கேன்னான். ஓடிப்போய் உங்கப்பாகிட்ட சொன்னேன். மனுஷன் கண்ணாடியைப் பார்த்து மீசையை ஒட்டிக்கிட்டே இருந்தார். துரத்துற காட்சி வந்துச்சு. வாயைத் திறந்தார், சத்தம் வரல, அவனையே பார்த்துக்கிட்டு நிக்கிறார். வயசாச்சு, வசனம் மறந்துட்டார்னு நினைச்சேன். முப்பது வருஷமா திரை மறைவுல உட்கார்ந்து, நடிக்கிறவங்க மறந்த வசனத்தை எடுத்துக் கொடுத்த வாயாச்சே, சும்மா இருக்குமா, போடா வெளியே, இனி என் முகத்துல முழிக்காதேன்னு எடுத்துக் கொடுத்துட்டேன். அவரும் பழக்கதோஷத்துல அப்படியே சொல்லிட்டார். சனங்க கை தட்டினாங்க. உங்கண்ணன் வேஷத்தைக்கூடக் கலைக்காம பையைத் தூக்கிட்டுப் போயிட்டான். கடைசிக் காட்சியில உங்கப்பா வாசலைப் பார்த்துக்கிட்டு நின்னார், நின்னார், யாரும் வரல, திரையை இறக்கிட்டோம்.

நேத்துதான் வாய் திறந்தார். எனக்கு வசனம் மறக்கல, இருடான்னு சொல்லத்தான் நின்னேன், அவ்வளவு பேர் முன்னால வார்த்தை வரல, அதுக்குள்ள நீ எடுத்துக் கொடுத்துட்டேன்னார். திட்டினாக்கூடத் தேவல, திட்டல. பெத்த பிள்ளையை நானே துரத்திட்டேன்டி. அவன் வருவான்னு எனக்கு நம்பிக்கையே இல்ல.

நீங்க ரெண்டு பேரும் மனசுல இருக்கிறதை அப்பப்ப வாய்விட்டுப் பேசி நல்லா இருங்க, அதுதான் என் ஆசீர்வாதம். எங்க போனை அவன் எடுக்கிறதில்ல, உன்னோடதை எடுப்பான், மறக்காம அவனைக் கூப்பிடு. வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். அன்னைக்குப் போடான்னு சொன்னது உங்கப்பா இல்ல, நான்தான்னு மட்டும் சொல்லிடு.

இப்படிக்கு,
உன் அம்மா